காலிக் குழாயில் மூன்று தட்டு

குழாய்க்காரருக்கு முட்டி இரண்டும் காலையிலிருந்தே எரிந்துகொண்டிருந்தன. முப்பத்தைந்து வருஷமாக ஊரார் வீட்டுக் குளியலறை மூலைகளிலும் சமையல் மேடைகளுக்கு அடியிலும் குத்தவைத்துச் சேர்த்த வலி அது. மண்டியிட்டால் ஆணி இறங்குகிற மாதிரியும், எழுந்தால் அந்த ஆணியைப் பிடுங்குகிற மாதிரியும் இருக்கும். ஐந்தாவது தடவையாக மகள் வீட்டுச் சமையல் மேடைக்குக் கீழே மண்டியிட்டு, ஈரமும் பழைய சோப்பும் கரப்பான் நாற்றமும் கலந்த இருட்டுக்குள் தலையை நுழைத்து, வலி கொஞ்சம் அடங்கட்டும் என்று அசையாமல் இருந்தபோதுதான் அது காதில் விழுந்தது.

டக். டக். டக்.

சத்தத்தை நிறுத்தத்தான் வந்திருக்கிறார், ஆகவே சத்தத்தில் ஆச்சரியமில்லை. ஆனால் இந்த வீட்டில் ஓடுவதெல்லாம் பிளாஸ்டிக் குழாய். பிளாஸ்டிக் அதிர்ந்தால் ஈரச் சாக்கில் அடித்த மாதிரி 'தொப்' என்றுதான் கேட்கும். இது இரும்பு. இரும்பில் இரும்பு பட்ட சத்தம், கடைசியில் ஒரு மெல்லிய ரீங்காரத்தோடு.

"என்னப்பா, புடிச்சிட்டீங்களா?" என்றாள் மகள். சமையலறை வாசலில் இரண்டு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி நின்றாள். அவள் கண்ணைச் சுற்றிக் கருவளையம். கட்டியிருந்த தலைமுடி பாதி அவிழ்ந்து தொங்கியது.

"புடிச்சிருவோம் கண்ணு. எங்க போயிரப் போகுது?"

ஹாலிலிருந்து மருமகன் குரல் வந்தது. "ஊருக்கெல்லாம் தண்ணி வுடற மாமனாரு, எனக்கு மட்டும் கச்சேரி வெச்சுக் குடுத்திருக்காரு. டிக்கெட் போட்டா மாசம் தவணை கட்டிரலாம்."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் மகள். அவள் சிரிக்கவில்லை. அப்பாவின் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவரு காலைல போனா ராத்திரி வராரு. அவருக்கென்ன தெரியும்? ஒரு குழாயும் தொறக்காதப்பவே தட்டுதுப்பா. மூணு மூணாத் தட்டுது. பாப்பா அப்பதான் கண்ணசந்திருக்கும், தூக்கிப் போட்டு எழுந்து வீல்னு கத்துது. பத்து நாளா நான் தூங்கல. பால் கொறஞ்சு போச்சு. இந்த வீட்டுல தனியா இருக்கவே எனக்கு…"

மகளுக்குத் தூக்கம் வேண்டும். குழந்தைக்குப் பால் வேண்டும். அதற்கு இந்தச் சத்தம் சாக வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அவர் வாழ்க்கையில் சரிசெய்ய முடியாதது நிறைய இருந்தது. பொண்டாட்டியின் நெஞ்சு நோயைச் சரிசெய்ய முடியவில்லை, மகளை ஒரு நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியவில்லை. ஆனால் குழாய் மட்டும் அவர் சொன்ன பேச்சைக் கேட்கும்.

காலையில் வந்ததும் ஒழுங்காக, வரிசைப்படித்தான் ஆரம்பித்தார். குளியலறைக் குழாய் பாதி திறந்தால் முனகியது. திறந்து பார்த்தால் உள்ளே வாஷர் தேய்ந்து நைந்த தோல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. மாற்றினார், முனகல் நின்றது. பின்சுவரில் குழாயைப் பிடிக்க வேண்டிய கிளாம்புகளில் நாலு கழன்று தொங்கின. புதிதாகத் துளை போட்டு, குழாய்க்கும் கிளாம்புக்கும் நடுவில் ரப்பர் வைத்து முடுக்கினார். துணி துவைக்கிற மெஷின் தண்ணீரை நிறுத்தும்போதெல்லாம் சுவரே அதிர்ந்தது. அதற்கு, மெஷின் குழாய்க்கு மேலே ஒரு அடித் துண்டை நெட்டாக நிறுத்தி மூடி போட்டார். மருமகன் அருகில் நின்று, "இது எதுக்கு மாமா? கொம்பு மாதிரி?" என்று கேட்டான்.

"ஓடுற பஸ்ஸுக்குப் பட்டுனு பிரேக் போட்டா உள்ள இருக்கறவன் முன்னாடி போய் முட்டிக்குவான்ல? தண்ணியும் அப்படித்தான் மாப்ள. இந்தத் துண்டுக்குள்ள காத்து நிக்கும். தண்ணி வந்து காத்துல முட்டும். வலிக்காது."

"தண்ணிக்கு மெத்தை போட்டுக் குடுக்கறீங்க. பொண்ணுக்குக்கூட இப்படிச் சீர் செய்யலயே" என்று அவன் சிரித்தான். நல்ல பையன்தான். வாய் மட்டும் நீளம். கடன் வாங்கி இந்தப் பழைய வீட்டை வாங்கி, முகப்பை இடித்துக் கட்டி, வாசலைப் பின்தெருவுக்குத் திருப்பி, வெள்ளையடித்துப் புதுவீடு மாதிரி ஆக்கியிருந்தான்.

எல்லாம் முடிந்தும் அந்த மூன்று தட்டு நிற்கவில்லை. ஸ்க்ரூடிரைவரின் முனையைக் குழாயில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் வைத்துக் கேட்டார். மருத்துவர் நெஞ்சில் கருவி வைப்பது போல இது அவர் தொழிலில் பழைய வழக்கம். குழாய் பேசுவது எலும்பு வழியாக நேரே மண்டைக்குள் வரும். பிளாஸ்டிக் லைனில் ஒன்றுமில்லை. சுவரில் வைத்துப் பார்த்தார். உள்ளே எங்கோ, பழைய பூச்சுக்கு அடியில், யாரும் பிடுங்காமல் விட்டுப்போன ஓர் இரும்பு லைன் கிடந்தது. செத்த லைன். புதுக் குழாய் போட்டவர்கள் சுவரை உடைக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டிருந்தார்கள். அதுதான் ஒலித்தது.

சரி, கடைசிச் சோதனை. வாசல் பக்கம், மாடித் தொட்டித் தண்ணீர் வீட்டுக்குள் பிரிகிற இடத்திலிருந்த பெரிய வால்வை மூடினார். வீட்டிலுள்ள குழாய்களையெல்லாம் திறந்துவிட்டார். தண்ணீர் இரைந்து, மெலிந்து, நூலாகி, சொட்டாகி நின்றது. எல்லாக் குழாயும் வாயைத் திறந்துகொண்டு வெறுமனே நின்றன. வீடு வறண்டது. மின்விசிறிச் சத்தமும் தெருவில் யாரோ வண்டியை உதைக்கிற சத்தமும் மட்டும் மிச்சம். பத்து நிமிஷம் ஆனது. மகளின் முகம் கொஞ்சம் தளர்ந்தது. குழந்தையின் இமைகள் கனத்து இறங்கின.

டக். டக். டக்.

குழந்தை தூக்கிவாரிப்போட்டு அலறியது.

தண்ணீர் இல்லாத குழாய் தட்டாது. தட்டுவதற்கு உள்ளே ஒன்றுமில்லை. அவர் தொழிலில் இதைவிட உறுதியான விஷயம் வேறு கிடையாது.

"அப்பா, தண்ணிய நிறுத்திட்டீங்கல்ல?"

"நிறுத்திட்டேன்."

"அப்ப இது?"

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வாய் உலர்ந்திருந்தது. "காத்துதான் கண்ணு. பழைய லைன்ல காத்து அடைச்சுக் கெடக்கு. வேற ஒண்ணுமில்ல."

சொன்ன உடனேயே, அந்த வார்த்தையை இதே மாதிரி, இதே குரலில், முன்பு ஒருநாள் வேறு யாருக்கோ சொன்ன ஞாபகம் எங்கோ அடியில் புரண்டது. அதை எட்டிப் பிடிக்க அவர் முயலவில்லை.

"காத்து போக எத்தன நாள் ஆகும் மாமா?"

"நாலு நாள் ஆகலாம், பத்து நாளும் ஆகலாம். அது பாட்டுக்குத் தட்டும், பெருசா எடுத்துக்காதீங்க. நீங்க ஒண்ணு பண்ணுங்க மாப்ள. பிள்ளையையும் இவளையும் கூட்டிக்கிட்டு உங்கம்மா வீட்டுல பத்து நாள் இருங்க. ரெண்டு பேரும் நல்லாத் தூங்கட்டும். நான் மாடில ஒரு தடவ பாத்து முடிச்சிட்டு, அப்படியே அடுத்த வேலைக்குப் போயிருவேன்."

மகள் முகத்தில் அத்தனை நாளைக்கப்புறம் ஒரு வெளிச்சம் வந்தது. அதற்காகவே இன்னும் பத்துப் பொய் சொல்லலாம் போலிருந்தது. "இருங்கப்பா, தண்ணி குடிச்சிட்டுப் போங்க. உச்சி வெயில்ல மாடிக்குப் போறீங்க" என்று பாட்டிலை நீட்டினாள். வீட்டில் மிச்சமிருந்த ஒரே பாட்டில். பிள்ளையின் பால்பொடிக்கு வேண்டும்.

"அப்புறம் குடிச்சிக்கறேன், வை."

மொட்டை மாடியில் வெயில் தரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. ஓரத்தில் நாலு தூண்களுக்கு மேலே சிமென்ட் தண்ணீர்த் தொட்டி. தூண்களுக்கு நடுவில் சுவர் வைத்து மூடி, தொட்டியின் வயிற்றுக்குக் கீழே தாழ்வாக ஓர் அறை. இரும்புக் கதவு, வெளியில் கொண்டி. கொண்டியைத் தூக்கி எட்டிப் பார்த்தார். உடைந்த ஓடு, காய்ந்த பெயின்ட் டப்பா, தூசி. ஜன்னல் இருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டார். சட்டையைக் கழற்றி, போனைச் சட்டைப்பையில் வைத்துத் துணிக்கொடியில் மாட்டிவிட்டு, பனியனோடு தொட்டியின் பின்புறம் போனார்.

தொட்டியிலிருந்து வெளிவரும் இடத்தில் பழைய இரும்புக் குழாய் இருந்தது. ஒரு வால்வு. அதற்குக் கீழே மூன்று வழி இணைப்பு. ஒரு வழி வீட்டுக்குள் இறங்கும் அந்தச் செத்த லைன். இன்னொரு வழி அறைக்குள் போயிருக்க வேண்டும். அதை எடுத்துவிட்டு வாயில் மூடி போட்டு இறுக்கியிருந்தார்கள். எல்லாவற்றின் மேலும் நாலைந்து தடவை பெயின்ட் அடித்து மொத்தையாக இருந்தது.

சும்மாதான் கத்தியால் சுரண்டினார். பச்சை உதிர்ந்தது, சாம்பல் உதிர்ந்தது, அடியில் சிவப்பு. சிவப்புக்குள் சணல்.

எல்லாரும் வெள்ளை டேப்புக்கு மாறியபிறகும் மரையில் சணல் சுற்றிச் சிவப்புப் பெயின்ட் தடவுகிற ஆள் அவர் ஒருவர்தான். கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயரே 'சணல்'. சுற்றி முடித்து, மிஞ்சும் நுனியை மூன்று பிரியாகப் பின்னி உள்ளே செருகுவார். இன்னொரு ஆள் அப்படிச் செய்து அவர் பார்த்ததில்லை. கத்தி முனையில் அந்தச் சின்னப் பின்னல் மேலே வந்தது.

அவர் கைவேலை.

திரும்பி மாடியைப் பார்த்தார். முகப்பை மாற்றியிருந்தாலும், வாசலைத் திருப்பியிருந்தாலும், மாடியை யாரும் மாற்றவில்லை. கைப்பிடிச் சுவரில் அதே உடைப்பு. எதிர் வீட்டுக் கொல்லையில் அதே மரம், இப்போது மொட்டை. பத்தொன்பது வருஷம்.

அப்போது இந்த அறையில் ஒரு சாணைக்காரர் குடியிருந்தார். தெருத்தெருவாகச் சக்கரத்தை உருட்டிக் கத்தி கத்தரிக்கோலுக்குச் சாணை பிடிக்கிற ஒற்றை ஆள். இடுப்பு முறிந்து படுத்துவிட்டார். வாடகை நின்றது, காலி பண்ணவும் மாட்டேன் என்றார். வீட்டுக்காரர் குழாய் வேலைக்கு இவரைக் கூப்பிட்டார். "அந்த ரூமுக்குப் போற லைன எடுத்துரு. ஆளு காலி பண்ணிட்டுப் போயிட்டான்" என்றார். அறைக்கதவு வெளியில் கொண்டி போட்டிருந்தது. சொன்னதைச் செய்தார். வால்வை மூடி, லைனைக் கழற்றி, சணல் சுற்றி, மூடியை இறுக்கிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம், தண்ணீர் நின்றுபோன குழாயில், மூன்று தட்டு கேட்டது.

ரெஞ்சு பாதிச் சுற்றில் நின்றது. "உள்ள யாராச்சும்…?" என்று கேட்டார்.

"யாருமில்லப்பா. காத்தா இருக்கும். உனக்குத் தெரியாததா?" என்றார் வீட்டுக்காரர். அவர் கண் வேறெங்கோ பார்த்தது.

தெரியும். காலிக் குழாயில் காற்று தட்டாது என்று அந்த மாடியில் நின்ற இரண்டு பேரில் குழாய்க்காரருக்கு மட்டும்தான் தெரியும். மகளுக்கு அப்போது ஏழு வயசு, காய்ச்சலில் கிடந்தாள். கூலி அன்றைக்கே வேண்டும். "ஆமாங்க. காத்துதான்" என்றார். மீதி அரைச் சுற்றையும் இறுக்கினார்.

இரண்டு நாளில் ஆள் வழிக்கு வருவான் என்று நினைத்த வீட்டுக்காரர் அவசரமாக வெளியூர் போய், அங்கே மாட்டிக்கொண்டார். அவர் திரும்பி வந்து கொண்டியைத் தூக்கியபோது பதினோரு நாள் ஆகியிருந்தது. ஒரு கொத்தனார் டீக்கடையில் இதைச் சொன்னபோது குழாய்க்காரர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தார். ஊதுவதை நிறுத்தவில்லை.

டக். டக். டக்.

இப்போது சுவர் வழியாக இல்லை. அந்த அறைக்குள்ளிருந்து. ஒரு கை எட்டும் தூரம்.

அவர் பையைப் பார்த்தார். பையில் ஒரு அடி இரும்புத் துண்டு இருந்தது, இணைக்கிற யூனியனும் இருந்தது. மூடியைக் கழற்றி, துண்டை வைத்து, அறைக்குள் போகும் லைனை மறுபடி சேர்த்து வால்வைத் திறந்துவிட்டால் கால்மணி நேர வேலை. தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. போகட்டும், குடிக்கட்டும். அந்த நினைப்பு உண்மையிலேயே வந்தது. பின்னாலேயே தொழில்காரப் புத்தியும் வந்தது: பத்தொன்பது வருஷத் துரு. எங்காவது ஓட்டை இருக்கும். கீழே மகள் படுக்கிற அறைக் கூரையில் இறங்கும். மருமகன் என்ன என்று கேட்பான். என்ன சொல்வது?

அறைக்குள் சுவரோடு ஒட்டிக் கிடக்கிற அந்தத் துண்டை அறுத்துப் பிடுங்கிவிட்டால் தட்ட ஒன்றும் இருக்காது. அதுதான் வேலை. அதுதான் தீர்வு. ரம்பத்தையும் டார்ச்சையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துக்கொண்டார். கொண்டியைத் தூக்கினார். கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமலிருக்க ஒரு செங்கலை முட்டுக்கொடுத்தார்.

உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. தலைக்கு மேலேயே தொட்டியின் அடிப்பாகம். அதற்குள் அத்தனை தண்ணீரும் கனத்து உட்கார்ந்திருப்பது கூரையின் குளிர்ச்சியிலேயே தெரிந்தது. ஆனால் அறைக் காற்று காய்ந்த சுண்ணாம்பாக இருந்தது. மூச்சு இழுத்தால் தொண்டையில் மாவு படிந்தது. தவழ்ந்து மூலைக்குப் போனார். முட்டிகள் கத்தின. தரையிலிருந்து சாண் உயரத்தில், சுவரிலிருந்து ஒரு பித்தளைக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. படுத்தபடியே கைக்கு எட்டுகிற உயரம்.

டார்ச்சைக் காட்டினார். குழாயின் வாய் வட்டமாக இல்லை. நசுங்கி, உள்வாங்கி, ஓரமெல்லாம் சின்னச் சின்னப் பள்ளமாக இருந்தது. ஸ்பானர் பட்ட தடமா என்று விரலை வைத்துப் பார்த்தார். பள்ளங்கள் மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை.

பல்.

அவர் அதை யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதில் அவருக்குப் பழக்கம் இருந்தது. பித்தளைக்குப் பின்னால் இருந்த இரும்புக் கழுத்தில் ரம்பத்தை வைத்து முதல் இழுப்பு இழுத்தார். துரு பொரிந்து விழுந்தது. இரண்டாவது இழுப்பு.

பின்னால் செங்கல் தரையில் உராய்ந்து நகர்ந்தது.

திரும்புவதற்குள் வெளிச்சம் ஒடுங்கி, கோடாகி, கதவு சாத்தியது. வெளியில் கொண்டி விழுந்தது. அவசரமில்லாமல். மாடியில் காற்று இல்லை. கொடியில் சட்டை ஆடாமல் தொங்கியதை அவர் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார்.

"மாப்ள!" என்று கத்தினார். குரல் கூரையில் முட்டித் திரும்பி வந்தது. கதவை உதைத்தார், பூமியை உதைப்பது போலிருந்தது. தோளால் மோதினார். கீல் உள்ளே புதைந்த இரும்பு. வெளியே இருக்கும் கொண்டியை உள்ளேயிருந்து எட்ட ஒரு விரல் நுழையும் இடுக்குகூட இல்லை.

குழாய். குழாய் இருக்கிறதே. தவழ்ந்து போய், ரம்பத்தின் பிடியால் பித்தளையை அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. உடனே ஸ்க்ரூடிரைவரைக் குழாயில் ஊன்றிக் காதெலும்பில் வைத்தார். தன் மூச்சை அடக்கினார்.

கீழே வீடு கேட்டது. மிக மெலிதாக, கிணற்றுக்குள் பேசுவது போல. ஒரு பெட்டியின் ஜிப் இழுபட்டது. மருமகனின் சிரிப்பு.

"பாரு, உங்கப்பா சொன்ன காத்து. அவுத்து வுட்டதும் ஜோராத் தட்டுது."

"அப்பா இன்னும் மாடிலதான் இருக்காரா?"

"ஒரு மணி நேரமாச்சு. கீழ பையும் இல்ல, செருப்பும் இல்ல. அடுத்த வேலைக்குப் போறேன்னாருல்ல, போயிருப்பாரு."

அவர் மறுபடி அடித்தார். மூன்று, ஆறு, பத்து. கை வழுக்கியது. "கண்ணு! நான்தான்! மேல! மேல வா!"

"ஒரு தடவ மாடிக்குப் போய்ப் பாத்துட்டு…"

"வண்டிக்காரன் ஹாரன் அடிக்கறான். பாப்பா இப்பதான் தூங்குது, பத்து நாள்ல மொத தடவ. நீ படி ஏறி எறங்கினா முழிச்சிரும். போன் போட்டுப் பாரு."

கதவுக்கு வெளியே, கொடியில் தொங்கிய சட்டைப்பையில் போன் அடித்தது. அவர் கதவில் முகத்தை அழுத்திக்கொண்டு அதைக் கேட்டார். அடித்தது. அடித்தது. நின்றது.

விழுந்தடித்துத் தவழ்ந்து குழாய்க்குப் போனார். காதெலும்பில் வைத்தார்.

"எடுக்கல."

"வண்டில போயிட்டிருப்பாரு. ராத்திரி பேசிக்கலாம். வா, மெதுவா."

வாசல் கதவு இழுத்துச் சாத்தப்பட்டது. பூட்டு விழுந்தது.

பிறகு ஒன்றுமில்லை. தலைக்கு மேலே தொட்டியில் மட்டும் தண்ணீர் ஒருமுறை மெதுவாகப் புரண்டு படுத்தது.

அவர் எவ்வளவு நேரம் அடித்தார் என்று அவருக்குத் தெரியாது. ரம்பத்தின் பிடி உடைந்தது. ஸ்க்ரூடிரைவரால் கூரையைக் குத்தினார். சிமென்ட் தூள் கண்ணில் கொட்டியதே தவிர ஈரம் வரவில்லை. தொட்டியின் அடித்தளம் சாண் அளவு கனம். அவர் போட்ட மூடி சுவருக்கு வெளியே இருந்தது. அதை வெளியேயிருந்துதான் கழற்ற முடியும். அவ்வளவு நன்றாக இறுக்கியிருந்தார். அவர் வேலை ஒருநாளும் கசிந்ததில்லை.

டார்ச் மஞ்சளாகி, பழுப்பாகி, அணைந்தது.

கதவின் அடியில் ஒரு வெளிச்ச நூல். அதுவும் சிவந்தது. போயிற்று.

இருட்டு.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. பிரித்தால் வலித்தது. எச்சில் இல்லை. மகள் நீட்டிய பாட்டில் கண்ணுக்குள் வந்தது. தண்ணீர். மூடி. மகளின் கை.

சுவரோரம் சாய்ந்தார். சாய்ந்தவர் சரிந்தார். கன்னம் தரையில் பட்டது. அப்படிப் படுத்தபோது குழாய் மிகச் சரியாக முகத்துக்கு நேர் மேலே இருந்தது. அதற்காகவே அந்த உயரத்தில் வைத்த மாதிரி.

காலிக் குழாய். தெரியும். தண்ணீர் இல்லை. தெரியும்.

இருந்தாலும் கை போனது. தடவியது. ஒரு சொட்டு. பத்தொன்பது வருஷத்தில் உள்ளே எங்காவது ஒரு சொட்டு நின்றிருக்காதா.

டக்.

மிக அருகில்.

டக்.

அவர் அடிக்கவில்லை. அவர் கை குழாயின் மேல்தான் இருந்தது. அதிர்வு விரலுக்குள் வந்தது.

டக்.

"காத்து" என்றார் அவர். உதடு மட்டும் அசைந்தது. "காத்துதான்."

யாரோ விழுங்கினார்கள். விழுங்க ஒன்றுமில்லாத தொண்டை. காய்ந்த தோலோடு காய்ந்த தோல் உரசுகிற சத்தம். அவருடையது அல்ல.

அவர் வாயைத் திறந்தார். கழுத்தை நீட்டினார். உதட்டைக் குழாயில் வைத்தார்.

அங்கே ஏற்கெனவே ஒரு வாய் இருந்தது.

வெடித்த உதடு. பித்தளையைப் பல்லால் கவ்விக்கொண்டு. விலகவில்லை. அவருக்கும் கொஞ்சம் இடம் விட்டு, மெல்ல ஒதுங்கிக்கொண்டது.

அந்த அறையில் அவருக்கு அன்றைக்கு முதல் நாள்தான். அவர் சாணைக்காரருக்குப் பதினோரு நாள் தண்ணீர் பாக்கி.